பழைய கேமரா, புது ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிமில் படம் எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் நெகட்டிவ் கைமாறும். பின்னாலேயே கேள்விகளும் வரும். ஏன் ஓரத்தில் சிவந்திருக்கிறது, எத்தனை நிமிடம் கழுவினீர்கள், இந்தக் கேமராவுக்கு பேட்டரி கிடைக்கிறதா என்று. எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், ரோல் ரோலாகச் செய்து பார்த்துக் கற்ற பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெட்டிக்குள் கிடந்த பழைய கேமரா கைக்கு வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பின்மூடியைத் திறக்காதீர்கள். எல்லோருக்கும் முதலில் கை போவது அங்கேதான். யாரோ பாதி எடுத்துவிட்டு மறந்துபோன ரோல் உள்ளே இருந்தால், திறந்த நொடியிலேயே வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும். 35 மி.மீ. கேமராவில் பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் ஒன்று இருக்கும், பெரும்பாலும் இடது பக்கம் மேலே. அம்புக்குறி காட்டும் திசையில் அதை மெல்லத் திருப்புங்கள். கொஞ்சம் சுற்றியதும் இறுகி நின்றால் உள்ளே பிலிம் இருக்கிறது. தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கேமரா காலி; அல்லது ரோல் ஏற்கெனவே டப்பாவுக்குள் முழுக்கச் சுற்றப்பட்டுவிட்டது, அப்போது திறந்தாலும் பாதகமில்லை. பெரிய ரோல் பிலிம் கேமராக்களில் முதுகுப் பக்கம் சிவப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் இருக்கும். அதில் எண்ணோ காகிதமோ தெரிந்தால் பிலிம் இருக்கிறது.

பிலிம் இருந்தது! அதில் இனி படம் வருமா?

வரலாம். 1897-இல் ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பிய ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரே குழுவினர் மூவரும் திரும்பவேயில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1930-இல், பனி மூடிய ஒரு தீவில் அவர்களுடைய உடல்களோடு பிலிம்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அவற்றைப் பொறுமையாகக் கழுவி, 240 ஃப்ரேம்களில் 93-ஐ மீட்டார். பனியில் சரிந்து கிடக்கும் பலூனும், அதைப் பார்த்தபடி நிற்கும் இருவரும் இன்றும் நமக்குத் தெரிவது அப்படித்தான். அங்கே குளிர் காப்பாற்றியது. வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த ரோலுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. ஆனாலும் கருப்பு வெள்ளை பிலிம் என்றால் 30, 40 ஆண்டுகளுக்குப் பிறகும் மங்கலாகவாவது ஏதாவது வரும்.

கலர் ரோல் என்றால் நிறத்தின் மேல் ஆசை வைக்காதீர்கள். பழைய கலர் நெகட்டிவைக் கருப்பு வெள்ளை டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) கழுவினால் உருவத்தையாவது மீட்க முடியும். கோடாக்ரோம் ரோல் கிடைத்தாலும் இதே வழிதான். 1935-இல் வந்த அந்த பிலிமின் உற்பத்தி 2009-இல் நின்றது. அதைக் கலரில் கழுவிக்கொண்டிருந்த கடைசி ஆய்வகமும் 2010 டிசம்பரோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது.

பிலிம் போடாமல் கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க முடியுமா?

பாதி பார்த்துவிடலாம். பின்மூடியைத் திறந்து, லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்துங்கள். 1 நொடி, 1/2, 1/4 ஆகியவற்றைக் காதாலேயே கணிக்கலாம். பழைய கேமராக்களில் முதலில் படுத்துக்கொள்வது இந்த மெதுவான வேகங்கள்தான், உள்ளே போட்ட மசகு காலப்போக்கில் பசையாகிவிடுவதால். ஒரு நொடிக்கு வைத்தது மூன்று நொடி இழுத்தால் காரணம் அதுவே. இருபது முப்பது தடவை அழுத்தினால் சில சமயம் இளகி வரும்.

நடுத்தர வேகங்களுக்கு செல்போன் போதும். நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் ஷட்டரைப் பதிவு செய்து, அது திறந்திருக்கும் ஃப்ரேம்களை எண்ணுங்கள். 1/30 என்றால் 8 ஃப்ரேம், 1/60 என்றால் 4. 1/500, 1/1000 போன்றவற்றை இப்படி அளக்க முடியாது. அவற்றை பிலிம்தான் சொல்லும்: படத்தின் ஒரு பக்கம் மட்டும் இருண்டிருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையைச் சிறிதும் பெரிதுமாக்கும் இதழ்களையும் பாருங்கள். எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் அவை சுணங்கும். எஸ்எல்ஆரில், அதாவது உள்ளே உள்ள கண்ணாடி வழியாக லென்ஸ் காண்பதையே நாம் பார்க்கும் கேமராவில், படம் எடுக்கும் நொடியில்தான் இதழ்கள் மூடுகின்றன. சுணங்கினால் படம் தேவைக்கு மேல் வெளுத்துவரும்.

பின்மூடியைத் திறந்ததும் கறுப்பாக ஏதோ கையில் ஒட்டுகிறதே?

பெரியப்பாவின் கேமராவை முதன்முதலாகத் திறந்தபோது மூடி ‘சப்’பென்று ஒட்டிப் பிரிந்தது இன்னும் என் கையில் இருக்கிறது. விளிம்புப் பள்ளத்தில் ஓடிய பஞ்சு தார் மாதிரி இளகியிருந்தது. விரலில் அப்பியது மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அது ஒளித்தடுப்புப் பஞ்சு. பல ஆண்டுகளில் தானாகவே சிதைந்துவிடும், அதனால் கேமரா கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

பல்குத்தும் குச்சியின் முனையைத் தட்டையாக்கி, ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் தொட்டுத் தொட்டுச் சுரண்டி எடுங்கள். ஷட்டர் திரையின் மேல் ஒரு துணுக்குகூட விழக்கூடாது. கேமராவைத் தலைகீழாகச் சாய்த்துக்கொண்டு செய்வது நல்லது. பிறகு 1.5 அல்லது 2 மி.மீ. தடிமனுள்ள பஞ்சுப் பட்டையை நறுக்கி ஒட்டலாம். குறுகிய பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலே போதும். எஸ்எல்ஆர் என்றால் கண்ணாடி மேலே மோதும் இடத்திலும் ஒரு பஞ்சு இருக்கும். அதை மறந்துவிடுகிறார்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை போல இருக்கிறது. மஞ்சளாகவும் இருக்கிறது.

இரண்டும் வெவ்வேறு சங்கதி. சிலந்தி வலை என்பது பூஞ்சை. ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும். நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். கொஞ்சமாக, ஓரத்தில் இருந்தால் படத்தில் தெரியாது, எடுத்துப் பாருங்கள். மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.

மஞ்சள் நிறம் சில பழைய லென்ஸ்களின் பிறவிக்குணம். ஒளியை நன்றாக வளைக்க தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள். அதன் கதிர்வீச்சால் கண்ணாடியே காலப்போக்கில் மஞ்சளாகிறது. ஏழு கண்ணாடி கொண்ட சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்1.4 இதற்குப் பேர்போனது. சில நாட்கள் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். கருப்பு வெள்ளையில் அந்த மஞ்சளே இலவச ஃபில்டர் என்று நான் விட்டுவைத்திருக்கிறேன்.

கேமராவுக்கான பேட்டரி இப்போது கிடைப்பதில்லையே?

முதலில் பேட்டரி எதற்கு என்று பாருங்கள். பென்டாக்ஸ் கே1000 போன்ற முழு இயந்திரக் கேமராக்களில் அது வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரியே இல்லாமலும் ஷட்டர் எல்லா வேகங்களிலும் ஓடும். கேனான் ஏஇ-1 அப்படியல்ல, பேட்டரி இல்லையென்றால் ஷட்டரே அசையாது. ஒலிம்பஸ் டிரிப் 35-க்கு பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அதை ‘ஏ’-இல் வைத்து, லென்ஸைக் கையால் மூடி ஷட்டரை அழுத்துங்கள். வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பிப் பொத்தான் பூட்டிக்கொண்டால் மீட்டருக்கு உயிர் இருக்கிறது.

சிக்கல் தருவது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி, அதாவது பிஎக்ஸ்625 வகை கேட்ட கேமராக்கள். பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அவற்றின் விற்பனை நின்றுவிட்டது. அதே அளவில் வரும் 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால் மீட்டர் உள்ளதைவிட அதிக வெளிச்சம் காட்டும், படம் இருண்டுவரும். தீரத் தீர மின்னழுத்தம் இறங்குவதால் அந்தப் பிழையும் நிலையாக இருக்காது. காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும். சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்தால் அறையில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டிக்கரை உரித்த சில வாரங்களில் காய்ந்துவிடும் என்பதுதான் குறை. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் மட்டும் இந்தக் கவலை வேண்டாம். அதன் மீட்டர் சுற்று மின்னழுத்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாத பாலம் வகை.

மீட்டரே இல்லை, அல்லது செத்துவிட்டது. எப்படி எடுப்பது?

கண்ணால். நல்ல வெயிலில் லென்ஸின் துளை எஃப்16 (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). ஷட்டர் வேகம், பிலிம் ஒளியை உணரும் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். 100 பிலிமுக்கு 1/125, 400 பிலிமுக்கு 1/500. நிழலின் விளிம்பு மங்கினால் எஃப்11. நிழலே விழவில்லை என்றால் எஃப்8. கனத்த மேகம் என்றால் எஃப்5.6. வெயில் நாளில் திறந்த நிழலில் நிற்பவரை எடுக்க எஃப்4.

மனப்பாடம் செய்வதைவிட தினமும் பழகுவது நல்லது. கேமரா இல்லாமல் நடக்கும்போதும் “இந்த இடத்துக்கு எவ்வளவு?” என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, செல்போன் மீட்டரில் சரிபாருங்கள். இரண்டே வாரத்தில் கண் ஒரு ஸ்டாப்புக்குள், அதாவது வெளிச்சத்தை இருமடங்காகவோ பாதியாகவோ ஆக்கும் ஒரு படிக்குள், வந்துவிடும். நெகட்டிவ் பிலிம் அந்த ஒரு ஸ்டாப்பைப் பொறுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் கூடுதல் வெளிச்சத்தின் பக்கமே சாயுங்கள். வெளிச்சம் படாத நிழலில் பின்னால் எதையும் தேடி எடுக்க முடியாது. நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமே வரும் ஸ்லைடு பிலிமில் இது நேர்மாறு.

சோதனை ரோலுக்கு எந்த பிலிம்?

400 ஐஎஸ்ஓ கருப்பு வெள்ளை, 36 ஃப்ரேம். எச்பி5 பிளஸ், ட்ரை-எக்ஸ் இரண்டில் எதுவானாலும் சரி. இரண்டும் தவறுகளைத் தாங்கும், வீட்டிலேயே கழுவலாம்.

முதல் ரோலை அழகான படங்களுக்காக எடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். அது நீங்கள் கேமராவிடம் கேட்கும் கேள்வி. ஒரே சுவரை ஒரே வெளிச்சத்தில், துளையையும் வேகத்தையும் எதிரெதிராக மாற்றி ஆறு முறை எடுங்கள்: எஃப்16-இல் 1/60, எஃப்11-இல் 1/125, எஃப்8-இல் 1/250 என்று. ஆறும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் நேர்மையானது. பிறகு 1 மீட்டர், 3 மீட்டர், தூரத்து மரம் என்று ஃபோகஸுக்கு மூன்று. சூரியனுக்கு எதிராக ஒன்று. கேமராவை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்த ஒன்று; ஒளி கசிந்தால் அதில் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புது லென்ஸ், காலாவதி பிலிம், புது டெவலப்பர் மூன்றையும் ஒரே ரோலில் சோதித்தவர் கொண்டுவரும் நெகட்டிவைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பிலிம் போட்டபின், ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் திருப்பிச் சுற்றும் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை.

எனது கேமராவில் 620 என்று எழுதியிருக்கிறது. அந்த பிலிம் எங்கே?

அது 120 பிலிமேதான், சக்கரம் மட்டும் மெலிது. 1901-இல் வந்த 120 இன்றும் தயாராகிறது; 620-ஐ 1995-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய 620 சக்கரம் ஒன்று கைவசம் இருந்தால், முழு இருட்டில் 120 பிலிமை அதற்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். வெளிச்சத்தில் வீணான ஒரு ரோலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை பழகிவிட்டு இருட்டுக்குள் போங்கள். காகிதத்தோடு பிலிம் ஒட்டியிருக்கும் முனையில் சுருக்கம் விழும். ஒட்டை உரித்து, நீவிவிட்டு மறுபடி ஒட்டினால் சரியாகிவிடும்.

1912-இல் வந்த 127-க்கு 120-ஐ அகலத்தில் வெட்டிச் சுற்றிக்கொள்பவர்கள் உண்டு. 1963-இன் 126 கார்ட்ரிட்ஜுக்குள் 35 மி.மீ. பிலிமை நுழைப்பவர்களும் உண்டு. 120 கேமராவுக்குள்ளேயே 35 மி.மீ. போட்டால் ஓரத் துளைகளின் மேலும் படம் விழும். இந்த ஆட்டங்களில் இதுதான் எளிது, பலன் கண்ணுக்கு உடனே தெரியும்.

காலாவதியான பிலிமை எப்படி எடுப்பது?

பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் என்பது வழக்கில் உள்ள கணக்கு. 400 கலர் பிலிம் 20 ஆண்டு தாண்டியிருந்தால் 100 என்று வைத்து எடுக்கலாம். ஆனால் வயதைவிட, இருந்த இடம் முக்கியம். ஃப்ரீஸரில் கிடந்தது புதிது மாதிரி வரும். வெயில் படும் அலமாரியில் கிடந்தது மூன்றே ஆண்டில் புகை படிந்துவிடும். அதிக ஐஎஸ்ஓ பிலிம் சீக்கிரம் கெடும். ஸ்லைடு பிலிமுக்கு இந்தப் பத்தாண்டுக் கணக்கைப் போடாதீர்கள், வெளுத்துவிடும்.

திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சிக்குக் காலாவதி ரோலைக் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டிலேயே பிலிம் கழுவ முடியுமா? இருட்டறை வேண்டாமா?

முடியும், வேண்டாம். பிலிமைச் சுருளில் ஏற்றித் தொட்டிக்குள் போடும் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் இருட்டு தேவை. அதற்குக் கை நுழைக்கும் மாற்றுப்பை இருக்கிறது. மூடியபின் மற்ற எல்லாம் வெளிச்சத்தில்.

எச்பி5 பிளஸை 400-இல் எடுத்திருந்தால், ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம். முதல் அரை நிமிடம் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு நிமிடத்துக்குப் பத்து நொடி. ஒவ்வொரு முறையும் தொட்டியின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் காற்றுக்குமிழ் ஒட்டாது. டெவலப்பரைக் கொட்டிவிட்டு, நீரில் அலசி, படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்சர். ஃபிக்சருக்கு எவ்வளவு நேரம் என்பதை பிலிமிடமே கேட்கலாம். வெட்டி எடுத்த நுனித் துண்டு ஒன்றை ஃபிக்சரில் போட்டு, பால் நிறம் மாறிக் கண்ணாடியாகும் நேரத்தைக் குறித்து, அதைப்போல் இருமடங்கு வையுங்கள். கடைசி அலசலுக்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. தொட்டியில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, இன்னொரு தடவை 20 முறை. போதும்.

அறை வெப்பமாக இருந்தால் நேரம் குறையும். 5 நிமிடத்துக்கும் கீழே போனால் சீராகக் கழுவ முடியாது. அப்போது டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட நீரில் நிற்க வையுங்கள். கலர் நெகட்டிவ் கழுவும் முறையான சி-41-இல் இந்த நெளிவு சுளிவெல்லாம் நடக்காது. டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. தொட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்தால் அதுவும் வீட்டில் செய்யக்கூடியதே. ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாமல் சேர்த்துவைத்து, வெள்ளியைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்திடம் கொடுங்கள்.

முதல் முறை சுருளிலிருந்து ஈரமான பிலிமை இழுத்தபோது, குளியலறை விளக்குக்கு எதிராக நான் பார்த்த முதல் ஃப்ரேம் ஒரு மிதிவண்டிச் சக்கரம். கம்பிகள் கறுப்பில் வெளுப்பாக, ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி. நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கை வழியாக வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

காபியில் பிலிம் கழுவலாம் என்பது உண்மையா?

உண்மைதான். 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்பவரின் மாணவர்கள் செய்து காட்டினார்கள். காபியில் இருக்கும் காஃபிக் அமிலம் போன்ற ஃபீனால் பொருள்கள், காரக் கரைசலில் வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும். காஃபீனுக்கு இதில் பங்கில்லை.

ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், மலிவான உடனடிக் காபித்தூள் 40 கிராம். இதே வரிசையில் கரைத்து, ஐந்து நிமிடம் நுரை அடங்க விட்டு, 20 டிகிரியில் 15 நிமிடம். சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். சமையல் சோடா வேறு, அதைப் போட்டால் படம் வராது. வாடை மோசம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நெகட்டிவில் லேசான பழுப்பு படியும், அது இந்த முறையின் அடையாளம். ஃபிக்சர் மட்டும் வழக்கமானதே வேண்டும்.

பின்ஹோல் செய்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

எஸ்எல்ஆரின் முன்மூடியில். நடுவில் ஒரு துளை போட்டு, அதன் மேல் அலுமினியத் தகட்டுத் துண்டை ஒட்டி, மெல்லிய ஊசி முனையால் 0.3 மி.மீ. துளையிடுங்கள். பிசிறை நைஸான உப்புத்தாளில் தேய்த்து எடுப்பதுதான் படத்தின் தெளிவுக்கு உயிர். துளையிலிருந்து பிலிம் சுமார் 45 மி.மீ. தூரம் என்பதால் இது ஏறக்குறைய எஃப்150. வெயிலில் 100 பிலிமுக்கு ஒரு நொடி வரும், வாயால் எண்ணிவிடலாம். ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலகப் பின்ஹோல் நாள். அன்றைக்கு எடுப்பதில் ஒரு குதூகலம் உண்டு.

இரவில் மீட்டர் சொன்ன நேரம் கொடுத்தும் படம் இருட்டாகவே வருகிறது.

நீண்ட நேர எக்ஸ்போஷரில் பிலிம் சோர்ந்துபோகும். ஒரு நொடியைத் தாண்டியதும் விழும் ஒளிக்கு ஏற்ற அளவில் அது பதிவு செய்வதில்லை. எச்பி5 பிளஸில் மீட்டர் 10 நொடி சொன்னால் 20 கொடுங்கள். 30 சொன்னால் ஏறக்குறைய 86. ஃபோமாபான் 100 இன்னும் பசித்த பிலிம், 10 நொடிக்கு 80 கேட்கும். ஃப்யூஜி ஆக்ராஸோ 2 நிமிடம் வரை திருத்தமே கேட்காது.

இரட்டை எக்ஸ்போஷர், ரெட்ஸ்கேல் எல்லாம் எப்படி?

பல பழைய எஸ்எல்ஆர்களில் முதல் படம் எடுத்ததும், திருப்பிச் சுற்றும் குமிழைப் பிலிம் தளராதபடி பிடித்துக்கொண்டு, அடியில் உள்ள பொத்தானை அழுத்தியபடியே லீவரைத் தள்ளினால் பிலிம் நகராமல் ஷட்டர் மட்டும் ஏறும். இரண்டு படத்துக்கும் ஒரு ஸ்டாப் குறைத்துக் கொடுங்கள். முதல் படத்தில் இருண்ட பகுதி எங்கே என்று நினைவில் வையுங்கள். இரண்டாவது படம் அங்கேதான் விழும்.

ரெட்ஸ்கேல் என்பது கலர் பிலிமை முதுகு முன்னால் வரும்படி திருப்பிச் சுற்றி எடுப்பது. ஒளி பின்பக்கமாகச் சிவப்பு அடுக்கில் முதலில் படுவதால் உலகமே சிவப்பு, ஆரஞ்சாகிறது. 400 ஐஎஸ்ஓ பிலிமை 100 அல்லது 50 என்று வைத்து எடுத்தால் மஞ்சளும் சேர்ந்து வரும்.

ஸ்கேனருக்கு வழியில்லை. டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவை எடுக்கலாமா?

தாராளமாக. மேக்ரோ லென்ஸ், நிறத்தைச் சரியாகக் காட்டும் வெள்ளை விளக்குப் பலகை, ஆடாத ஸ்டாண்ட். பிலிமைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்தால் கான்ட்ராஸ்ட் உடனே கூடும். பிலிமும் கேமராவும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, பிலிம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வையுங்கள்: லென்ஸின் பிம்பம் நடுவில் விழுந்தால் சரி.

விமானப் பயணத்தில் பிலிம்?

கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சி.டி. எக்ஸ்ரே ஸ்கேனர்கள் ஒரே தடவையில் பிலிமைப் புகைய வைத்துவிடும். சரக்குப் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம்.

எடுத்த படங்களை மற்றவர்களோடு பகிரும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமான கேள்வி இது. அழகான படம் ஒன்றைக் காட்டி, கேமராவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டால் பார்ப்பவருக்கு அது படம் மட்டுமே. இப்படி நாலு வரி சேர்த்தால் அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு தானும் செய்து பார்க்கலாம்: “எச்பி5 பிளஸ், 400. 50 மி.மீ., எஃப்8, 1/250. மேகமூட்டம், மீட்டர் இல்லாமல் கண்ணால் கணித்தது. ஐடி-11, 1+1, 20 டிகிரி, 13 நிமிடம். ஏழாவது ஃப்ரேமிலிருந்து வலது ஓரத்தில் வெள்ளைப் பட்டை.”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் கெட்டுப்போன ஃப்ரேம்களையும் காட்டச் சொல்கிறேன். வெட்டாமல், ஓரத் துளைகளோடு காட்டுங்கள், ஏனென்றால் துப்பு ஓரத்தில்தான் இருக்கிறது. வெளிச்சப் பட்டை துளைகள் வரை நீண்டிருந்தால் கசிவு பின்மூடியில் அல்லது பிலிம் டப்பாவில். ஃப்ரேமுக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டர் திரையிலோ, மடிப்புக் கேமராவின் துருத்தியிலோ ஓட்டை. முழு ரோலும் வெறுமையாக வந்து, ஓரத்தில் அச்சிட்ட எண்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் கழுவியதில் தவறில்லை. பிலிம் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்களும் இல்லை என்றால் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது ஃபிக்சரை முதலில் ஊற்றிவிட்டீர்கள்.

இதையெல்லாம் நினைவில் வைக்க முடியாது. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்த கையோடு எழுதுங்கள். 36 ஃப்ரேமுக்கும் எழுத அலுப்பாக இருந்தால், எதை மாற்றினீர்களோ அந்த ஃப்ரேமுக்கு மட்டுமாவது. 1959-இல் வந்த ஒலிம்பஸ் பென் போன்ற அரை ஃப்ரேம் கேமராவில் ஒரு ரோலுக்கு 72 படம். அங்கே நோட்டு இல்லாமல் நானே தொலைந்துபோவேன்.

நெகட்டிவ்களை எப்படிப் பாதுகாப்பது? ஸ்கேன் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. ஆறு ஆறு ஃப்ரேமாக வெட்டி, பாலிப்ரோப்பிலீன் உறையிலோ அமிலமற்ற காகித உறையிலோ போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் பிலிமைத் தின்றுவிடும். ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். பழைய நெகட்டிவ்களைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தச் சுருளைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். நோட்டில் உள்ள ரோல் எண்ணும் உறையின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒருமுறை நாலு கலர் ரோல்களை ஓர் ஆய்வகத்தில் கொடுத்தேன். ஸ்கேன் வந்தது. சின்னதாக, வெளுத்து. நெகட்டிவ் வாங்கப் போனபோது, யாரும் கேட்பதில்லை என்று ஒரு மாதத்தில் எறிந்துவிடுவதாகச் சொன்னார்கள். அந்த நாலில் ஒன்றில், பெரியப்பா தன் கேமராவைத் தானே கையில் வைத்துக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. இப்போது எந்த ரோலைக் கொடுத்தாலும் அதன் மேல் ‘நெகட்டிவ் வேண்டும்’ என்று எழுதி ஒட்டி, கொடுக்கும்போது வாயாலும் சொல்லிவிட்டு வருகிறேன்.